கேலரிக்கு புரபோசல் எழுதணும்: கண்மாய் மடைகள் பற்றி 18 லினோ அச்சுகள் இருக்கு, எப்படித் தொடங்குறது?

மடைக்கல்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 34. மதுரையில ஒரு ஆஃப்செட் அச்சகத்துல 12 வருஷமா வேலை பாக்குறேன். பகல் முழுக்க கல்யாணப் பத்திரிகை, பில் புக், காதுகுத்து நோட்டீஸ். ராத்திரி எட்டு மணிக்கு மேல வீட்டுத் திண்ணையில உக்காந்து லினோ ஷீட் வெட்டுவேன், அதாவது படத்தைச் செதுக்கி மை தடவி அச்செடுக்குற மெத்துன ஷீட்.

மூணு வருஷமா ஒரே விஷயம்தான் வெட்டுறேன். மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களோட மடைகள், கண்மாய்த் தண்ணியை வயலுக்குத் திறந்து விடுற வாசல்கள். எங்க அம்மா பிறந்த ஊர்க் கண்மாயில நடுமடைன்னு ஒண்ணு இருக்கு. அதுல ஒரு கல்லு, ஆளுங்க அரிவாள் தீட்டித் தீட்டி நடுவுல படகு மாதிரி குழிஞ்சு போயிருக்கும். சின்ன வயசுல அந்தக் குழியில தேங்குற மழைத்தண்ணியைக் கையில எடுத்து முகம் கழுவியிருக்கேன். அந்தக் கல்லுதான் முதல் படம். இப்ப 18 பலகை ஆச்சு. ஒவ்வொண்ணுலயும் 12 பிரதி எடுத்திருக்கேன். அச்சு எடுக்க மெஷின் கிடையாது. தாளை மேல போட்டு எவர்சில்வர் கரண்டியோட முதுகால தேய்ச்சு எடுப்பேன். படம் 12க்கு 18 அங்குலம்.

அச்சகத்துக்கு வந்த ஒரு அக்கா பாத்துட்டு, இதைச் சென்னையில ஒரு கேலரிக்கு புரபோசல் போட்டு அனுப்புன்னு சொன்னாங்க. சொன்னதுல இருந்து தூக்கம் வரலை. நான் ஓவியக் கல்லூரியில படிக்கலை. பட்டம் இல்லாதவங்க அனுப்பலாமா? இங்கிலீஷ்லதான் எழுதணுமா? எந்த இடத்துக்கு அனுப்புறது? நான் எழுதி வச்சிருக்குறது இதுதான்:

"எனது படைப்புகள் இயற்கைக்கும் மனிதனுக்கும் இடையிலான ஆழமான உறவை வெளிப்படுத்துகின்றன. காலத்தின் சுவடுகளையும் நினைவின் அடுக்குகளையும் தேடும் ஒரு கலைப் பயணம் இது. தங்கள் மேன்மையான கூடத்தில் காட்சிப்படுத்த வாய்ப்பளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இது சரியா இருக்கா? தப்பு இருந்தா தயங்காம சொல்லுங்க.

கரிக்கட்டை:

தங்கச்சி, நானும் மதுரைதான், தெப்பக்குளம் பக்கம். முப்பது வருஷமா வரையுறேன், பதினோரு தடவை படம் மாட்டியிருக்கேன். அந்த உரிமையில சொல்றேன், அந்த மூணு வரியையும் எடுத்துருங்க. ரெண்டு தடவை படிச்சுப் பாத்தேன். அதுல மடைங்கிற சொல்லே இல்லை. கண்மாய் இல்லை, மேலூர் இல்லை. மலையை வரைஞ்சவரும் அதை அனுப்பலாம், மாட்டை வரைஞ்சவரும் அனுப்பலாம்.

ஆனா அதுக்கு மேல எங்ககிட்ட பேசின பத்தியைப் பாருங்க. அரிவாள் தீட்டிக் குழிஞ்ச கல்லு, அதுல தேங்குன மழைத்தண்ணி, கரண்டி முதுகு. அதைப் படிச்சதும் எனக்கு அந்தப் படத்தைப் பாக்கணும்னு தோணிருச்சு. புரபோசல் செய்ய வேண்டிய வேலை அவ்வளவுதான். எங்ககிட்ட எழுதினதை அப்படியே வெட்டி அங்க ஒட்டுங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கிக்கலாம். ஊர்ப்பேரைப் போடவும் தயங்காதீங்க. நம்ம ஊர் மனோகர் தேவதாஸ் பேனா மையிலயே மதுரையை வரைஞ்சவர். கண் பார்வை குறைஞ்சுக்கிட்டே போன காலத்துலயும் வீதியையும் கோபுரத்தையும் நுணுக்கம் விடாம வரைஞ்சார். 2020ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. பொதுவா ஒரு கோயில் கோபுரம்னு அவர் வரையலை. இன்ன கோபுரம், இன்ன இடத்துல நின்னு பாத்ததுன்னு வரைஞ்சார்.

பட்டம் பத்திக் கேட்டீங்க. சென்னை ஓவியக் கல்லூரி 1850ல தொடங்கினது, கும்பகோணத்துலயும் ஓவியக் கல்லூரி இருக்கு, ரெண்டு இடத்துல இருந்தும் பெரிய கைகள் வந்திருக்கு. அதுக்காக மத்தவங்களுக்குக் கதவு அடைச்சிருக்குன்னு அர்த்தம் இல்லை. நீங்க அச்சுக்கலைஞர். 12 வருஷம் மையோடயும் தாளோடயும் புழங்கினவங்க. அதை ஏன் மறைக்கிறீங்க? உங்களைப் பத்தி எழுதுற பத்தியில முதல் வரியே அதுதான். 1966ல ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் சென்னைப் பக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினப்ப, அங்க இருந்தவங்க பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செஞ்சு வித்துத்தான் படம் வரைஞ்சாங்க. சோறு போடுற வேலையை எழுதுறதால உங்க படத்துக்கு எந்தக் குறையும் வந்துராது.

இப்ப நான் பட்ட ஒரு விஷயம். பல வருஷத்துக்கு முன்னால வேற ஊர்ல ஒரு கூடத்துக்கு எட்டுப் படம் அனுப்பினேன். எல்லாமே நீளவாட்டுப் படம், அஞ்சடி அகலம், ரெண்டடி உயரம். பட்டியல்ல 5 x 2 னு எழுதிட்டேன். படப் பட்டியல்ல உயரம்தான் முதல்ல வரணும், அகலம் அடுத்து. அவங்க அதைச் செங்குத்துப் படம்னு எடுத்துக்கிட்டு, ரெண்டு ஜன்னலுக்கு நடுவுல இருக்குற மூணடிச் சுவரையெல்லாம் எனக்கு ஒதுக்கிட்டாங்க. போய்ப் பாத்தா மூணு படத்துக்கு இடமில்லை. ஏழு நாளும் அந்த மூணும் பெட்டியிலயே கிடந்துச்சு. திறப்பு விழா அன்னைக்கு ஒருத்தர், பட்டியல்ல இருக்குற ஆறாவது படம் எங்கன்னு என்கிட்டயே வந்து கேட்டார். அந்த வலி இன்னும் இருக்கு. அதனால 18 x 12 அங்குலம்னு போட்டு, பக்கத்துலயே 'உயரம் முதலில்'னு ஒரு சொல் எழுதுங்க. சென்டிமீட்டர் கேக்குற இடமும் உண்டு, 45.7 x 30.5.

சுவர்க் கணக்கையும் நீங்களே போட்டுக் கொடுங்க. பிரேமுக்குள்ள படத்தைச் சுத்தி மூணு அங்குலம் மவுண்ட் அட்டை விட்டா பிரேமோட அகலம் ஏறக்குறைய ஒன்றரை அடி. 18 படத்துக்கு 27 அடி. படத்துக்குப் படம் ஒரு அடி இடைவெளின்னா 17 அடி. மொத்தம் 44 அடி சுவர். இதை எழுதி அனுப்பினா, இந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்னு தெரிஞ்சிருக்குன்னு அவங்களுக்குப் புரியும். மாட்டும்போது படத்தோட நடுப்பகுதி தரையில இருந்து 57லேருந்து 60 அங்குலம் உயரத்துல இருக்குறது வழக்கம்.

எங்க அனுப்புறதுன்னா, ரெண்டு வகை இருக்கு. வாடகைக்குக் கூடம் தர்ற இடம், அவங்களே தேர்ந்தெடுத்துக் காட்டுற இடம். சென்னை கிரீம்ஸ் சாலையில லலித் கலா அகாடமி மண்டல மையம் இருக்கு. சோழமண்டலத்துலயும் கூடம் உண்டு. உங்க விஷயத்துக்கு என் மனசுக்குப் படுறது முட்டுக்காடு தட்சிணசித்ராவுல இருக்குற வரிஜா கேலரி. பழைய கிராமத்து வீடுகளைப் பாத்துட்டு வர்றவங்க கண்ணு மடையைப் பாக்கத் தயாரா இருக்கும். எதுக்கு அனுப்பினாலும் முதல்ல ஒரு தடவை நேர்ல போய், அங்க மாட்டியிருக்குற படங்களைப் பாத்துட்டு வாங்க. என்னைக் கேட்டா, மேலூர்ல ஒரு பள்ளிக்கூடத்துலயாவது இந்தப் படங்களை மாட்டணும். கண்மாய்த் தண்ணியில வளந்த பிள்ளைங்க பாக்கணும். அது அடுத்த பேச்சு.

கடைசியா ஒரு கேள்வி. அந்த மடைகளைத் திறந்து மூடுறவங்க யார்கிட்டயாவது இந்தப் படத்தைக் காட்டினீங்களா?

பீடிங் கடை:

மாசி வீதிப் பக்கம் பிரேம் கடை வச்சிருக்கேன். ஒண்ணு ரெண்டு விஷயம் மட்டும் சொல்லிக்கிறேன்மா.

தாள்ல எடுத்த அச்சை பலகையில பசை போட்டு ஒட்ட விடாதீங்க. செலோ டேப், டபுள் சைடு டேப் எதுவும் படத்தைத் தொடக்கூடாது. அஞ்சாறு வருஷத்துல டேப் போட்ட இடம் மஞ்சக் கறையா முன்னால தெரியும். எங்ககிட்ட திரும்பி வர்ற படத்துல பாதி அந்தக் கேஸ்தான். மேல் விளிம்புல மட்டும் ரெண்டு இடத்துல, மெல்லிய தாள் துண்டை மைதாப் பசையில ஒட்டித் தொங்க விடச் சொல்லுங்க. மீதி மூணு பக்கமும் சும்மா இருக்கணும். மழைக்காலத்துல தாள் விரியும், வெயில்ல சுருங்கும், அதுக்கு இடம் வேணும். கண்ணாடி படத்தை ஒட்டி உரசாம இருக்கத்தான் மவுண்ட் போர்டு. அதை அழகுக்குன்னு நினைச்சு காசை மிச்சம் பிடிக்கிறவங்க நிறையப் பேர்.

சென்னைக்கு அனுப்புறதுன்னா கண்ணாடிக்குப் பதிலா அக்ரிலிக் ஷீட் போடுங்க. கண்ணாடி உடைஞ்சா அதோட போகாது, சில்லு அச்சையும் கிழிச்சிரும். ரெண்டு ரெண்டு பிரேமா முகத்தோட முகம் சேத்து, நடுவுல அட்டை வச்சு, நாலு மூலைக்கும் அட்டை மடிச்சுப் போட்டுக் கட்டணும். பின்னால ரெண்டு பக்கமும் வளையம் வச்சுக் கம்பி இழுத்துருங்க. ஒத்தை ஆணியில தொங்குற படம் ஒரு நாள் கூட நேரா நிக்காது.

புரபோசல்லயே 'பிரேம் போட்டு, மாட்டத் தயாரா வரும்'னு ஒரு வரி சேருங்க. ஆனா 18க்கும் முன்னாலயே பிரேம் போட்டுப் பணத்தை முடக்க வேண்டாம். ஒண்ணு மட்டும் போட்டு அதைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. தேர்வு ஆனதும் மீதி போட்டுக்கலாம்.

சுவர்ப்பக்கம்:

நான் சில வருஷம் ஒரு கேலரியில வந்த விண்ணப்பங்களைப் பிரிச்சு வைக்கிற வேலை பாத்தவள். உள்ளே என்ன நடக்கும்னு சொல்றேன், அது தெரிஞ்சா பயம் குறையும்.

முதல்ல படத்தைத்தான் திறப்போம், எழுத்தை இல்லை. படம் பிடிச்சிருந்தாத்தான் எழுத்துக்குப் போவோம். எழுத்துல தேடுறது ரெண்டுதான்: இவங்க ஏன் இதைச் செய்யுறாங்க, இன்னும் செய்வாங்களா. அதனால 18ல நல்லதா 10 எடுத்து அனுப்புங்க. மீதி எட்டும் இருக்குன்னு பட்டியல்ல காட்டினா போதும்.

போன்ல எடுத்த போட்டோவே போதும், ஸ்டுடியோ வேண்டாம். காலையில வெயில் நேரா விழாத திண்ணையில, அச்சைச் சுவர்ல ஒட்டின மாதிரி நேரா வச்சு, போனை அதோட நடுப்பகுதிக்கு நேரா பிடிச்சு எடுங்க. மேல இருந்து சாய்ச்சு எடுத்தா செவ்வகம் கோணிக்கிட்டுப் போகும். பிரேம் போட்டதுக்கு அப்புறம் எடுத்தா உங்க முகமும் ஜன்னலும் அதுல விழும். ஒரு படத்தை மட்டும் பக்கவாட்டு வெளிச்சத்துல ரொம்பக் கிட்டப் போய் எடுங்க. மை ஏறின மேடும் கரண்டி தேய்ச்ச தடமும் தெரியணும். கையால எடுத்த அச்சுன்னு நூறு வார்த்தை எழுதுறதை அது ஒண்ணே சொல்லிரும்.

கோப்புகளுக்குப் பேர் வைக்கும்போது உங்க பேர், வரிசை எண், படத்தோட தலைப்பு மூணும் இருக்கணும். வாட்ஸ்அப்பே கொடுத்த பேரோட வந்த படங்களை யாரோடதுன்னு தேடி நான் பாதி நாளைத் தொலைச்சிருக்கேன். எல்லாத்தையும் ஒரே பிடிஎஃபா, மின்னஞ்சல்ல சிக்கல் இல்லாம போற அளவுக்குச் சின்னதாக் கட்டி அனுப்புங்க. பட்டியல்ல தலைப்பு, லினோகட், தாள் என்ன, அளவு, வருஷம், பிரதி எண்ணிக்கை, விலை. அச்சுக்குப் பிரதி எண்ணிக்கை கட்டாயம். 12ன்னு எழுதிட்டா 13வது எடுக்கக் கூடாது. ஒவ்வொரு அச்சுக்கும் அடியில இடது பக்கம் 3/12, நடுவுல தலைப்பு, வலது பக்கம் கையெழுத்து. பென்சில்லதான் போடணும்.

விலை போடுறப்ப கேலரியோட பங்கையும் மனசுல வச்சுக்கோங்க. மூணுல ஒரு பங்குல இருந்து பாதி வரைக்கும் எடுக்குற இடங்கள் உண்டு. சென்னையில ஒரு விலை, உங்க வீட்டு வாசல்ல அதைவிடக் குறைஞ்ச விலைன்னு விக்காதீங்க. ஒப்பந்தம் வந்தா பதிப்புரிமைங்கிற பத்தியை நிதானமாப் படிங்க. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை வித்தாலும் பதிப்புரிமை உங்ககிட்டதான் இருக்கும். நீங்க எழுத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாத்தான் அது போகும். எத்தனை வருஷத்துக்குன்னு எழுதாம விட்டா அஞ்சு வருஷம்னு சட்டம் எடுத்துக்கும். அழைப்பிதழுக்கும் விளம்பரத்துக்கும் படத்தைப் பயன்படுத்த அனுமதி கேப்பாங்க, அதுக்கு மட்டும்னு எழுதிக் கொடுக்குறது நியாயம். அதுக்கு மேல கேட்டா யோசிங்க.

மொழியைப் பத்தி: சென்னையில நிறைய இடத்துல இங்கிலீஷ் எதிர்பாப்பாங்க. தமிழ்ல எழுதி முடிங்க, அப்புறம் யாரையாவது வச்சு மாத்திக்கலாம். நேரா இங்கிலீஷ்ல யோசிச்சு எழுதப் போனா மறுபடியும் அந்த நினைவின் அடுக்குகள் வந்து உக்காந்துக்கும்.

மடைக்கல்:

நாலு நாளா எழுதி எழுதி அழிச்சேன். இப்ப இருக்குறது இது. அண்ணே, பாருங்க.

"நான் மதுரையில் ஆஃப்செட் அச்சகத்தில் 12 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கடந்த மூன்று ஆண்டுகளாக மேலூர் வட்டாரக் கண்மாய்களின் மடைகளை லினோவில் வெட்டி வருகிறேன். பழைய கண்மாய்களில் குமிழித்தூம்பு என்று ஒரு மடை உண்டு. நீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும், அவற்றை ஒரு குறுக்குக்கல் இணைக்கும். அடியில் உள்ள கல்தொட்டியில் மேலே ஒரு துளை, கீழே சிறு துளைகள். மேல்துளை வழியாக நல்ல தண்ணீர் வயலுக்குப் போகும், அதற்கு நீரோடி என்று பெயர். கீழ்த்துளைகள் வழியாக வண்டல் போகும், அது சேறோடி. தூண்களை மட்டும் பார்க்கிறவர்களுக்கு உள்ளே இவ்வளவு இருப்பது தெரியாது. என் அம்மாவின் ஊரில் நடுமடைக் கல் ஒன்று, அரிவாள் தீட்டி நடுவில் குழிந்திருக்கிறது. அந்தக் குழியில்தான் இந்த வரிசை தொடங்கியது. லினோவில் வெட்டிய இடம் வெள்ளையாகவும் விட்ட இடம் கருப்பாகவும் வரும். இந்த 18 படங்களிலும் நான் தண்ணீரை வெட்டவில்லை. தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் முழுக் கருப்பு."

அடுத்து 44 அடி சுவர், 18 x 12 அங்குலம் உயரம் முதலில், 12 பிரதி, பிரேம் போட்டு மாட்டத் தயாராக வரும், எல்லாம் சேத்துட்டேன். இங்கிலீஷ்ல மாத்தித் தர்ற தம்பி மடைங்கிறதை ஸ்லூஸ்னு போட்டிருக்கான். எனக்கு என்னமோ மாதிரி இருக்கு.

கரிக்கட்டை:

இதுதான் தங்கச்சி. அந்தக் கடைசி மூணு வாக்கியத்துல கை வைக்காதீங்க, யார் சொன்னாலும்.

ஸ்லூஸ் வேண்டாம். மடைன்னே வரட்டும், முதல் தடவை வர்ற இடத்துல மட்டும் என்னன்னு அரை வரி சொல்லுங்க. நீரோடி, சேறோடி ரெண்டும் அப்படியே இருக்கணும். அந்தச் சொல் ரெண்டும் புழக்கத்துல இருந்து போய்க்கிட்டு இருக்கு. சென்னையில ஒரு சுவர்ல, உங்க படத்துக்குப் பக்கத்துல ஒட்டுற சின்ன அட்டையில அது இருந்தா எனக்குச் சந்தோஷம்.

நான் கேட்ட கேள்விக்குப் பதில் வரலையே. மடை திறக்குறவர்கிட்ட காட்டினீங்களா?

மடைக்கல்:

காட்டினேன் அண்ணே. ஞாயித்துக்கிழமை அம்மா ஊருக்குப் போயிருந்தேன். அங்க தண்ணி பாய்ச்சுறவருக்கு எழுபது வயசுக்கு மேல இருக்கும், எனக்குத் தாத்தா முறை. களத்துல தார்ப்பாய் விரிச்சு 18ஐயும் வரிசையா வச்சேன். அவர் கையைத் துண்டுல துடைச்சுக்கிட்டு, தொடாம, குனிஞ்சு குனிஞ்சு பாத்தார். நான் ஒண்ணும் சொல்லலை. அவராவே இது பெரிய கண்மாய் மேலமடை, இது அந்த ஊர்க்காரங்களோடது, இதுல போன வருஷம் கல்லு சாஞ்சுருச்சுன்னு சொல்லிக்கிட்டே போனார். 14வது படத்துல நின்னுட்டார். ரொம்ப நேரம் பாத்துட்டு, "படி தெக்குப் பக்கம்ல இருக்கணும் தாயி, நீ வடக்க வச்சிருக்கே"ன்னார்.

எனக்கு ஒரு நிமிஷம் புரியலை. அப்புறம்தான் உறைச்சது. லினோவுல வெட்டுறது அச்சுல இடவலம் மாறி விழும். எல்லாப் படத்தையும் டிரேசிங் பேப்பர்ல வரைஞ்சு, திருப்பிப் போட்டுத்தான் பலகையில ஏத்துவேன். அது ஒண்ணை மட்டும் கண்மாய்க் கரையிலயே உக்காந்து நேரா பலகையில வரைஞ்சேன். திருப்ப மறந்திருக்கேன். மூணு வருஷத்துல படத்தைப் பாத்தவங்க யாருக்கும் தெரியலை, எனக்கே தெரியலை. அந்தப் படியில அம்பது வருஷமா இறங்கி ஏறினவருக்குத் தெரிஞ்சிருக்கு.

சென்னையில யாருக்கும் தெரியப்போறதில்லை, அப்படியே அனுப்புன்னு தம்பி சொல்றான். என்னால முடியாது. அந்த 12 பிரதியையும் தனியா எடுத்துக் கட்டி வச்சுட்டேன். புது ஷீட் வாங்கி இன்னைக்கு வெயில்ல இளக வச்சிருக்கேன், ராத்திரி வெட்டத் தொடங்குறேன். அது முடிய ஒரு மாசம் ஆகும், புரபோசலை அதுவரைக்கும் நிறுத்தி வைக்க வேண்டாம்னு நினைக்கிறேன். 17 படம்னு மாத்திட்டேன். சுவர் 41½ அடி. நாளைக்குக் காலையில அனுப்பிருவேன்.